சிங்கத்தோடு குடித்தனம்

ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்து இரவெல்லாம் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தேன் என்று சொன்னால், அது பேய்ப் படமாகவோ கொலைப் படமாகவோ இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். இரண்டும் இல்லை. ஒரு குடும்பம் சிங்கங்களோடு அன்பாகக் கூடி வாழலாம் என்று சொல்வதற்காக எடுக்கப்பட்ட படம் அது. அப்பாவும் அம்மாவும் குழந்தைகளுமாகப் போய்ப் பார்த்துச் சிரித்துவிட்டு வரவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் எடுத்திருக்கிறார்கள். 'ரோர்' என்று பெயர். கர்ஜனை என்று தமிழில் சொல்லலாம். 1981-ல் வெளிவந்த அமெரிக்கப் படம்.

படத்தைப் பற்றி மட்டும் எழுதுவதென்றால் பத்து வரியில் முடித்துவிடலாம். கதை பலவீனம், வசனம் சாரமில்லாதது, நடிப்பு என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தப் படத்தின் கதாநாயகி டிப்பி ஹெட்ரனின் வாழ்க்கையோடு சேர்த்து அதைப் பார்த்தால் விஷயம் வேறாகிவிடுகிறது. நாற்பது ஆண்டு கதை எழுதியவன் கூட இப்படியொரு கதையைக் கட்டத் துணிய மாட்டான். 'ஒரே மாதிரியான சம்பவம் இரண்டு தடவை வருகிறதே, நம்பும்படியாக இல்லையே' என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். வாழ்க்கைக்கு அந்தப் பயம் கிடையாது.

டிப்பி ஹெட்ரன் 1930-ல் மின்னஸோட்டா மாகாணத்தில் நியூ உல்ம் என்ற ஊரில் பிறந்தவர். இளம் வயதில் நியூயார்க்கில் விளம்பர மாடலாக இருந்தார். கல்யாணம் ஆகி, ஒரு பெண் குழந்தை பிறந்து, விவாகரத்தும் ஆயிற்று. குழந்தையின் பெயர் மெலனி. பின்னாளில் மெலனி கிரிபித் என்று தானும் பெரிய நடிகையானவள். 1961-ல் டெலிவிஷனில் வந்த ஒரு பானத்தின் விளம்பரத்தில் டிப்பியைப் பார்த்தார் ஆல்பிரட் ஹிட்ச்காக். நடிப்பு அனுபவமே இல்லாத அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஏழாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். 1963-ல் 'தி பேர்ட்ஸ்' வந்தது. அடுத்த ஆண்டு 'மார்னி' வந்தது.

'தி பேர்ட்ஸ்' படத்தைப் பார்க்காத சினிமா ரசிகர்கள் குறைவு. ஊர்ப் பறவைகள் எல்லாம் காரணம் தெரியாமல் மனிதர்கள் மேல் பாயும் கதை. அதன் கடைசிப் பகுதியில் கதாநாயகி தனியாக மச்சறைக்குப் போகிறாள். கூரையில் ஓட்டை. உள்ளே பறவைகள். கதவில் சாய்ந்தபடி, கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டு, சத்தம் போடக்கூட முடியாமல் அவள் சரிந்து விழும் காட்சியைப் பார்த்து, 'என்ன நடிப்பு!' என்று நானே வியந்திருக்கிறேன். கல்லூரி நாட்களில் நண்பர்களிடம் அதைப் பற்றி வெகு நேரம் பிரசங்கம் செய்ததுகூட நினைவிருக்கிறது.

பிறகுதான் தெரிந்தது, அது நடிப்பில்லை என்று. இயந்திரப் பறவைகளைத்தான் வைக்கப் போகிறோம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். படம் பிடிக்கும் நாளன்று காலையில், 'இயந்திரம் வேலை செய்யவில்லை. நிஜப் பறவைகள்தான்' என்றார்கள். தடித்த தோலுறை மாட்டிய ஆட்கள் நின்றுகொண்டு ஐந்து நாட்கள் அவர்மேல் உயிருள்ள பறவைகளை வீசினார்கள். கடைசியில் பறவைகளை உடையோடு சேர்த்துக் கட்டியே விட்டார்கள். ஒன்று கண்ணுக்கு அருகில் கீறிவிட்டது. அன்று டிப்பி தளத்திலேயே உட்கார்ந்து அழுதார். டாக்டர் வந்து ஒரு வாரம் ஓய்வு வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அவர் இல்லாமல் படப்பிடிப்பு நடக்காதே என்று ஹிட்ச்காக் ஆட்சேபித்தாராம்.

படத்துக்கு வெளியே ஹிட்ச்காக் அவரிடம் நடந்துகொண்ட முறையைப் பற்றி, 2016-ல் வெளிவந்த தம் சுயசரிதையில் டிப்பி எழுதியிருக்கிறார். பின்தொடர்ந்ததும், தொட முயன்றதும், இணங்காதபோது பழிவாங்கியதும் அதில் இருக்கின்றன. 'மார்னி'க்குப் பிறகு அவர் விலகிக்கொள்ள நினைத்தார். விடவில்லை. ஒப்பந்தத்தைக் காட்டி, வேறு படத்திலும் நடிக்க விடாமல், சம்பளம் மட்டும் கொடுத்துக்கொண்டு உட்கார வைத்தார். நல்ல காலத்தில் இருந்த நடிகையின் இரண்டு மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு போன சந்தை திரும்பவில்லை.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காமிராவுக்காக ஒரு பெண்ணின் மேல் உயிருள்ள பிராணிகளை ஏவிவிட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்பது, உலகத்தில் வேறு யாரையும்விட டிப்பி ஹெட்ரனுக்கு நன்றாகத் தெரியும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1964-ல் அவர் தம் ஏஜண்டாக இருந்த நோயல் மார்ஷல் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1969-ல் ஒரு படத்துக்காக ஆப்பிரிக்கா போனபோது, மொஸாம்பிக் நாட்டில் கொரோங்கோஸா என்ற காட்டில் இருவரும் ஒரு காட்சியைக் கண்டார்கள். வெள்ளத்துக்குப் பயந்து கைவிடப்பட்ட ஒரு வனக் காவலரின் வீடு. மனிதர்கள் போன பிறகு சிங்கக் கூட்டம் ஒன்று அதில் குடியேறிவிட்டது. ஜன்னலில் ஒன்று எட்டிப் பார்க்கிறது, திண்ணையில் ஒன்று படுத்திருக்கிறது, கூரைமேல் ஒன்று. எந்தக் கலைஞனுக்கும் பார்த்த மாத்திரத்தில் உள்ளம் துள்ளும் காட்சிதான். எனக்கே, படிக்கும்போது, இதை வைத்து ஒரு சிறுகதை எழுதலாமே என்று தோன்றிற்று. இதைப் படமாக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தது ஆச்சரியமில்லை.

ஹாலிவுட்டில் மிருகங்களைப் பழக்கும் ஒருவரைப் போய்க் கேட்டார்கள். அவர், 'சிங்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சிங்கத்தோடு வாழ வேண்டும்' என்றார். தம்முடைய நீல் என்ற சிங்கத்தைத் தம்பதியின் வீட்டுக்கே அழைத்து வந்தார். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஷெர்மன் ஓக்ஸ் என்ற பணக்காரப் பேட்டையில், நீச்சல் குளம் வைத்த வீடு அது. 1971-ல் 'லைஃப்' பத்திரிகையின் புகைப்படக்காரர் வந்து படம் எடுத்தார். அந்தப் படங்களை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். டிப்பி ஒரு மெத்தைபோலச் சிங்கத்தின்மேல் சாய்ந்திருக்கிறார். பதின்மூன்று பதினான்கு வயது மெலனி, சிங்கத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். ஒரு படத்தில் அவள் குளத்தில் குதிக்கிறாள். சிங்கம் தாவி அவள் காலைப் பிடிக்கிறது.

இந்தப் படங்களைப் பார்த்து நம் மனம் என்ன சொல்கிறது? 'எவ்வளவு அன்பு!' என்கிறது. அங்கேதான் மோசம் போகிறோம். அந்தக் காலைப் பிடித்த பாதத்துக்கு அன்பும் தெரியாது, விரோதமும் தெரியாது. ஓடுகிற பொருளைப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

பிறகு அவர்கள் சொந்தமாகக் குட்டிகளை வாங்கி வளர்த்தார்கள். அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். குட்டிகள் பெருகவே, லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே பாலைவனத்தின் ஓரம் ஆக்டன் என்ற ஊருக்கருகில், ஸோலெடாட் பள்ளத்தாக்கில் இடம் பிடித்து, ஆயிரக்கணக்கில் மரம் நட்டு, ஆப்பிரிக்கா மாதிரி ஒரு காட்டை உண்டாக்கினார்கள். சிங்கம், புலி, சிறுத்தை, யானை என்று கிட்டத்தட்ட நூற்றைம்பது மிருகங்கள் சேர்ந்தன. 1976-ல் படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்தது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 'எக்ஸார்ஸிஸ்ட்' படத்தில் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்து நோயல் சம்பாதித்த பணமெல்லாம் இதிலே கரைந்தது. மொத்தச் செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர். வசூல் 20 லட்சத்தைத் தொடவில்லை.

கதை இவ்வளவுதான். சிங்கங்களோடு ஆப்பிரிக்காவில் வாழும் ஒரு மிருக ஆராய்ச்சிக்காரர். அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் அமெரிக்காவிலிருந்து வருகிறார்கள். அவர் அழைத்து வரப் போன வழியில் ஒருவரை ஒருவர் தவறவிட்டுவிடுகிறார்கள். குடும்பம் வீட்டுக்கு வந்து பார்த்தால் வீடு நிறையச் சிங்கம். அலறுகிறார்கள், ஓடுகிறார்கள், அலமாரிக்குள்ளும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் ஒளிகிறார்கள். களைத்துத் தூங்கி விழித்ததும், 'நம்மைத் தின்னவில்லையே! இவை நல்ல மிருகங்கள்தான்' என்று தெரிந்துகொள்கிறார்கள். சுபம். நோயல்தான் எழுதி, இயக்கி, கணவனாகவும் நடித்தார். டிப்பி மனைவி; மெலனி மகள்; நோயலின் இரண்டு பிள்ளைகள் மகன்கள். நிஜக் குடும்பமே படக் குடும்பம்.

பழக்கப்படாத மிருகங்கள் தம் இஷ்டப்படியே நடந்துகொண்டதால் எழுத்திலும் டைரக்‌ஷனிலும் அவற்றுக்கும் பங்குண்டு என்று படத்தின் ஆரம்பத்தில் வேடிக்கையாக ஒரு குறிப்பு வருகிறது. வேடிக்கை என்று எழுதியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உண்மை என்பது தெரியவில்லை. படத்தில் இரண்டு கதைகள் ஓடுகின்றன. ஒன்று நோயல் மார்ஷல் எழுதியது: நம்பினால் சிங்கம் நண்பன். மற்றொன்று சிங்கங்கள் எழுதியது: நாங்கள் சிங்கங்கள். வசனம் முதல் கதையைச் சொல்லிக்கொண்டே போகிறது. திரையில் நடப்பது இரண்டாவது கதை. 'அவை விளையாடுகின்றன' என்று நாயகன் சிரித்துக்கொண்டே சொல்கிறான். அவன் கையில் வழிவது சாயம் இல்லை.

ஒளிப்பதிவு செய்த யான் டி பான்ட் என்ற இளைஞரின் தலைத்தோலை ஒரு சிங்கம் உரித்துவிட்டது. 220 தையல். (தேறி வந்து வேலையை முடித்தார், பின்னாளில் 'ஸ்பீட்' படத்தை இயக்கியவர் இவர்தான்.) டிப்பியின் தலையை ஒரு சிங்கம் கவ்வியது, யானை தூக்கியதில் கால் எலும்பு முறிந்தது. நோயலுக்குக் கடித்த காயங்கள் புரையோடின. மொத்தத்தில் எழுபது பேருக்குமேல் காயமென்று கணக்குச் சொல்கிறார்கள். மெலனி, முகம் போய்விடுமோ என்று அஞ்சி நடுவில் விலகிப் போனாள். பிறகு திரும்பி வந்தாள். திரும்பி வந்தவளின் முகத்தை ஒரு சிங்கம் கிழித்தது. சுமார் ஐம்பது தையல். கண் பிழைத்தது தெய்வாதீனம்.

எனக்குத் தூக்கம் வராமல் போனது இதனால்தான்.

மச்சறையில் தன்மேல் பறவைகளை வீசியபோது தளத்தில் உட்கார்ந்து அழுத பெண் ஒருத்தி. பதினைந்து ஆண்டுகளுக்குள், அவள் பெற்ற பெண், அதேபோல் ஒரு காமிராவுக்கு முன்னால், பிராணியின் கீழே கிடக்கிறாள். காமிராவுக்குப் பின்னால் நிற்பவர் அந்நியர் இல்லை, குடும்பத்துக்கே தலைவர். பக்கத்தில் நிற்பவள் தாய். ஹிட்ச்காக்குக்கும் இவர்களுக்கும் நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அவர் ஒரு பெண்ணை அடக்கப் பார்த்தார். இவர்கள் மிருகங்களைக் காப்பாற்றப் பார்த்தார்கள். ஆனால் தையல் போடும் ஊசிக்கு நோக்கம் தெரியாது. தீய மனசு செய்யும் காரியத்தை நல்ல மனசும் செய்துவிடக் கூடும் என்பதை இதைவிட அப்பட்டமாகக் காட்டும் நாவலை நான் படித்ததில்லை.

2015-ல் இந்தப் படத்தை அமெரிக்கத் தியேட்டர்களில் திரையிட்டபோது, 'மிருகம் ஒன்றுக்கும் தீங்கில்லை, மனிதர் எழுபது பேருக்குத்தான்' என்ற கருத்தில் விளம்பரம் செய்தார்கள். அதுவும் பொய். 1978-ல் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து செட்டையெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. வேலிகள் சரிந்தன. வெளியே வந்த சிங்கங்களைப் போலீஸார் சுட்டார்கள். செத்தவற்றில் கதாநாயகச் சிங்கமான ராபியும் ஒன்று. போலீஸாரையும் குறை சொல்வதற்கில்லை. வெள்ளத்து இரவில் எதிரே வருகிற சிங்கம் நடிகனா இல்லையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அங்கே கொண்டு வந்து வைத்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

1982-ல் தம்பதிக்கு விவாகரத்து ஆயிற்று. படம் தோற்றது, பணம் போயிற்று, கணவனும் போனான். மிச்சம் இருந்தவை சிங்கங்களும் புலிகளும்தான். சாதாரணமாக மனிதர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள்? விற்றுத் தொலைத்துவிட்டு ஊருக்குப் போவார்கள். டிப்பி போகவில்லை. 1983-ல் அதே நிலத்தில் ஓர் அறநிலையத்தை ஏற்படுத்தி, 'ஷம்பாலா' என்று பெயர் வைத்து, சரணாலயமாக்கினார். உள்ளேயே ஒரு சிறு வீட்டில் குடியிருந்தார்.

சரணாலயம் என்றால் என்ன என்பதை இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். மிருகக்காட்சிசாலை வேறு, இது வேறு. சர்க்கஸிலும், தனியார் வீடுகளிலும், மூடிப்போன காட்சிசாலைகளிலும் இருந்து தள்ளப்பட்ட மிருகங்கள் சாகும்வரை இருக்கும் இடம் இது. விற்பதில்லை, இனப்பெருக்கம் செய்வதில்லை, பார்க்க வருகிறவர்கள் தொடக் கூடாது. காட்டுக்குத்தான் அனுப்பிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. கூண்டில் பிறந்து, கை வைத்து வளர்த்த சிங்கத்துக்கு வேட்டை தெரியாது. மனிதனிடம் பயமும் கிடையாது. காட்டில் விட்டால் ஒன்று பட்டினி கிடந்து சாகும். அல்லது கிராமத்துக்குள் வந்து குண்டடிபட்டுச் சாகும். மைக்கேல் ஜாக்ஸன் தம் மாளிகையில் வளர்த்த இரண்டு புலிகள்கூட, அந்த மாளிகை மூடப்பட்ட பிறகு கடைசியில் ஷம்பாலாவுக்குத்தான் வந்து சேர்ந்தன.

டிப்பி இதோடு நிற்கவில்லை. சிங்கம் புலிகளை வீட்டுப் பிராணிகளாக விற்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று வாஷிங்டன் வரை போய் வாதாடினார். மாகாணம் விட்டு மாகாணம் அவற்றைச் செல்லப் பிராணிகளாக விற்கக் கூடாது என்று 2003-ல் ஒரு சட்டம் வந்தது. தனியார் புதிதாக வைத்திருப்பதையே தடுக்கும் சட்டம் 2022 டிசம்பரில் வந்தது. ஷெர்மன் ஓக்ஸில் தாம் செய்த காரியத்தை இனி யாரும் செய்யக் கூடாது என்பதற்காக உழைத்தார் என்று சொன்னால் தவறில்லை. அந்த 'லைஃப்' படங்களைப் பற்றிக் கேட்டவர்களிடம், அது மகா முட்டாள்தனம் என்று அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு சம்பவம் உண்டு. 1975-ல் வியட்நாம் யுத்தம் முடிந்து அகதிகள் கலிபோர்னியாவுக்கு வந்தார்கள். ஒரு முகாமுக்கு உதவி செய்யப் போன டிப்பியின் நகங்களை அங்கிருந்த பெண்கள் ஆசையாகப் பார்த்தார்கள். உடனே தமக்கு நகம் செப்பனிடும் பெண்ணையே வரவழைத்து, 20 பேருக்குத் தொழில் கற்றுக் கொடுக்கச் செய்தார். இன்று அமெரிக்காவில் அந்தத் தொழிலின் பெரும் பகுதி வியட்நாமியர் கையில் இருப்பதற்கு அது ஒரு தொடக்கம். இதையும் சிங்க விவகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே இளகிய மனசு செய்தவை. அகதிப் பெண்களிடம், 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று அந்த மனசு கேட்டது. சிங்கத்திடம் அப்படிக் கேட்கவில்லை. 'எனக்கு நீ வேண்டும்' என்று சொல்லிற்று. அன்பு எங்கே உதவியாகிறது, எங்கே அபகரிப்பாகிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பிரிட்டிஷ் நடிகை விர்ஜீனியா மக்கென்னாவின் கதை இதற்குக் கிட்ட வருவது. 1966-ல் 'பார்ன் ஃப்ரீ' படத்தில் சிங்கத்தை வளர்த்துக் காட்டுக்கு விடும் பெண்ணாக நடித்தவர் அவர். பின்னொரு படத்தில் தம்மோடு நடித்த யானைக்கன்று லண்டன் மிருகக்காட்சிசாலையில் இருந்து 1983-ல் செத்துப்போனதைக் கண்டு, அடுத்த வருஷமே கணவரோடு சேர்ந்து அடைபட்ட மிருகங்களுக்காக ஓர் இயக்கம் தொடங்கினார். அவர் கதையில் மனசு நெகிழ்கிறது. டிப்பி கதையில் மனசு உறுத்துகிறது. மக்கென்னா பிறர் செய்த பிழைக்காகப் போராடினார். டிப்பி தாம் செய்த பிழையின் நடுவிலேயே வீடு கட்டிக்கொண்டு குடியிருந்தார். எது கடினம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'அந்தப் பைத்தியக்காரத்தனம் இல்லாவிட்டால் இந்தச் சரணாலயம் ஏது?' என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். இந்த வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. புண்ணுக்குப் போட்ட மருந்து நல்லது என்பதற்காகப் புண்ணும் நல்லது என்று ஆகிவிடுமா? மெலனியின் முகத்துக்கும் ராபியின் உயிருக்கும் ஷம்பாலா விலையாகாது. விலையாகும் என்று டிப்பியும் சொன்னதாகத் தெரியவில்லை. அதனால்தான் அவரிடம் எனக்கு மரியாதை.

இவ்வளவு கண்டிப்பாக எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று யோசித்துப் பார்த்தேன். சிறுவயதில் எங்கள் வீட்டில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. சந்தையில் வாங்கி வந்தது. பறந்துவிடக் கூடாதென்று மாதம் ஒரு தரம் அதன் இறகை நறுக்குவது என் வேலை. பாட்டி பிடித்துக்கொள்வாள், நான் கத்தரிப்பேன். அது என் தோளில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லும். பள்ளிக்கூடத்தில் நான் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னிடம் அதற்கு எவ்வளவு பிரியம் என்றுதான் நினைத்தேனே தவிர, அதற்குப் போக வேறு இடமில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் காலையில் அது கூண்டின் அடியில் கிடந்தது. இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் விளையாடப் போய்விட்டேன்.

'ரோர்' கிடைத்தால் பாருங்கள். நல்ல படம் என்று சிபாரிசு செய்யவில்லை. வசனத்தைக் காதில் வாங்காமல், அந்தப் பெண்ணின் கண்களை மட்டும் பாருங்கள். மச்சறையில் பார்த்த அதே கண்கள்தான். அதற்குப் பிறகு, அந்தக் கண்களை உடையவர் நாலு பேருக்குத் தெரியாமல் ஒதுங்கிவிடாமல், அதே பள்ளத்தாக்கில் தங்கி, ராத்திரிதோறும் சிங்கங்களின் குரலைக் கேட்டுக்கொண்டே கிழவியானார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் அந்தக் கூண்டை என்ன செய்தேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை.